கடைசி ஜோடி

ஓர் அணியின் மீதான விசுவாசம் எப்போது ஒட்டிக்கொண்டது என்று பலராலும் சொல்ல முடிவதில்லை. என்னால் முடியும். 1973-ல், ராயகிரியில், ஒரு பகல் முழுவதும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பம்பாய், அதற்குமுன் தொடர்ந்து 14 வருஷம் கோப்பையை விட்டுக்கொடுக்காத அணி. நம் அணி அதுவரை வென்றது ஒரே முறை, மெட்ராஸ் என்ற பெயரில், 1954-55 பருவத்தில், நான் பிறப்பதற்கு முன்பு. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. மேற்கே மலை, கிழக்கே கரிசல். இவற்றுக்கு நடுவில் இருந்த எங்களில் யாரும் சேப்பாக்கத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பதினோரு பேரில் யாருக்கும் ராயகிரி என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் 'நம்ம டீம்' என்றோம். இந்த 'நம்ம' எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் ரேடியோ கிடையாது. பதினொரு மணி பஸ்ஸில் டீக்கடைக்கு வரும் பேப்பர்தான். மூன்றாம் நாள் வந்த பேப்பரில் முந்தின நாள் ஸ்கோர் இருந்தது. பம்பாய் 151, 113. நாம் முதல் இன்னிங்ஸில் 80. இரண்டாவதில் 61-க்கு 9 விக்கெட். பந்து சுழன்ற ஆடுகளம். நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள், அவர்களிடம் பத்மாகர் ஷிவால்கர் இருந்தார். ஜெயிக்க இன்னும் 124. கையில் ஒரு விக்கெட்.

அன்று பகல் முழுவதும் ராயகிரியில் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. குளத்துக்குப் போகிற வழியில் ஒன்றும் இரண்டுமாக எடுக்கவைத்தேன். ஷிவால்கரைத் தடுத்தாடவைத்தேன். பேராசைப்பட்டு சிக்ஸர் எதுவும் கொடுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முப்பது ரன் பாக்கி.

மறுநாள் பேப்பர் வந்தது. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கடைசி விக்கெட் போயிருந்தது. 61-க்கு மேல் ஒரு ரன்கூட இல்லை. நான் எண்ண ஆரம்பித்தபோதே அங்கே ஆட்டம் முடிந்திருந்தது. ஷிவால்கருக்கு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட்.

அண்ணன் பம்பாய்க் கட்சி. என்னைவிட நாலு வயது பெரியவன். "ஜெயிக்கவன் பக்கம் நில்லுல" என்றான். துரோகி என்று திட்டினேன். மூன்று நாள் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து, தூரத்து உறவினர் ஒருவரோடு பம்பாய்க்கு ரயிலேறினான். தாராவியில் ஒரு கடையில் வேலை.

1988-ல் நாம் ஜெயித்தோம். சேப்பாக்கத்தில், வாசுதேவன் தலைமையில், ரயில்வே அணியைத் தோற்கடித்து. 33 வருஷத்துக்குப் பிறகு. அண்ணனுக்குக் கார்டு எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி மட்டும் இருந்தது. சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. தோல்வியை வைக்க எனக்குப் பழகிய இடம் ஒன்று இருந்தது. வெற்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதற்கு அவசியமும் மறுபடி நேரவில்லை. 1992, 1996, 2003, 2004, 2012, 2015 என்று ஆறு இறுதி ஆட்டங்கள். ஆறிலும் கோப்பை எதிரணிக்கு. அதில் இரண்டு முறை பம்பாய்க்கு.

2024 மார்ச்சில் அரையிறுதி, மறுபடி அவர்களோடு. இப்போது பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பந்தும் விழுந்தவுடன் கையிலிருக்கும் போனில் தெரிகிறது. நம்புவதற்கு ஒரு பகல் கடனாகக் கிடைப்பதில்லை. நாம் 146-க்கு அவுட். ஆனால் இரண்டாம் நாள் சாய் கிஷோரின் சுழலில் அவர்கள் 106-க்கு 7. பன்னிரண்டு வயதுப் பையன் எழுந்து உட்கார்ந்தான். அண்ணனைக் கூப்பிட்டேன். ஆட்டம் நடந்த பாந்த்ரா-குர்லா மைதானம் தாராவிக்கு ரொம்பப் பக்கம். நடுவில் மித்தி ஆறுதான்.

"எந்த மேட்ச்சு?" என்றான்.

சொன்னேன்.

"எனக்கு எங்கல கிரிக்கெட் தெரியும்?"

"அன்னைக்கு பம்பாய் பம்பாய்னு குதிச்சியே அண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தான். "அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சுல."

அவன் சொன்னது விளங்க எனக்கு 51 வருஷம் ஆகியிருக்கிறது. நான் குளத்தங்கரையில் ரன்களை எண்ணிக்கொண்டிருந்த அன்று, எங்கள் வீட்டிலும் ஒரு விஷயம் முடிந்துதான் இருந்தது. அண்ணன் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தான், ரயில்தான் பாக்கி.

போனை வைத்துவிட்டு ஸ்கோரைப் பார்த்தேன். ஷர்துல் தாக்கூர் ஆடிக்கொண்டிருந்தார். சதம் அடித்தார். 106-க்கு 7 என்றிருந்தது 378-ல் போய் முடிந்தது. மறுநாள் ஓர் இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றோம்.

தோற்றோம் என்றுதான் இப்போதும் சொல்லவருகிறது. தோற்றார்கள் என்று சொல்ல வரவில்லை.