ஒரே சட்டியில் தோய்க்கும் அப்பம்

தியானப் பகுதி: ரூத் 2:14, கலாத்தியர் 2:11-14



இந்த வாரத் தியானம் ஒரு சமையல் குறிப்போடு வருகிறது. வியப்படையாதீர்கள். வேதத்தில் அடுப்பும் அப்பமும் பந்தியும் பேசப்படாத புத்தகங்கள் சிலவே. வருகிற நாட்களில் உங்கள் வீடுகளில் ஜெபக் கூடுகைகள் நடக்கும்போது நீங்கள் எளிதாகச் செய்யத்தக்க ஓர் உணவையும், அந்த உணவு நம் முன் வைக்கிற ஒரு கேள்வியையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த உணவின் பெயர் ஃபாண்ட்யூ. பிரெஞ்சு மொழியில் இதற்கு 'உருகியது' என்று பொருள். சுவிட்சர்லாந்தின் மலைநாட்டு உணவு அது. பாலாடைக்கட்டியை, அதாவது நாம் சீஸ் என்று சொல்வதை, திராட்சரசத்தில் உருக்கி, அந்தச் சட்டியை மேசையின் நடுவில் சிறு தீயின்மேல் வைப்பார்கள். சுற்றி அமர்ந்திருக்கும் எல்லாரும் நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, அந்த ஒரே சட்டியில் தோய்த்து உண்பார்கள். 1699ஆம் ஆண்டில் சூரிச் நகரில் எழுதப்பட்ட சமையல் குறிப்பேடு ஒன்றிலேயே திராட்சரசத்தில் சீஸைச் சமைக்கும் முறை காணப்படுகிறது. ஆயினும் அது நாடு முழுவதற்கும் உரிய உணவாகப் பெயர்பெற்றது 1930களில்தான். சீஸ் விற்பனையைப் பெருக்க விரும்பிய சுவிஸ் சீஸ் சங்கம் அதைத் தேசிய உணவு என்று விளம்பரப்படுத்தியது. வியாபார நோக்கத்தில் பரப்பப்பட்டதுதான். எனினும் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரொமான்ஷ் என நான்கு மொழிகள் பேசும் ஒரு தேசத்தார் ஒரே சட்டியைச் சுற்றி அமர அது ஒரு காரணமாயிற்று.

"இது நமக்கு ஏற்ற உணவா?" என்று கேட்பீர்கள். பெரியகுளத்தில் நின்று வடக்கே நிமிர்ந்து பாருங்கள். அந்த மலைத்தொடரின்மேல் இருக்கிற கொடைக்கானலில் நல்ல சீஸ் செய்கிறார்கள். சட்டியில் தேய்ப்பதற்கான மலைப்பூண்டும் அங்கேயே விளைகிறது; 2019இல் அது புவிசார் குறியீடு பெற்றது. தெற்கே திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கூடலூரிலும் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை தொங்குகிறது. 1832ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே மேலேயிருந்து சீஸும் கீழேயிருந்து திராட்சையும் நம் வீட்டு மேசையில் சந்திப்பதற்கு வெகுதூரம் பயணம் செய்யவேண்டியதில்லை.

இப்போது செய்முறையைக் கேளுங்கள். நான்கு பேருக்கு 300 கிராம் சீஸ் போதும். கௌடா பாதி, செடார் பாதி இருந்தால் சுவை நன்றாக அமையும். அதைத் துருவி, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் மாவில் புரட்டி வையுங்கள். நன்றாகப் பழக்கிய மண்சட்டி ஒன்றை எடுங்கள். சுவிட்சர்லாந்திலும் பழைய நாட்களில் மண்பாத்திரத்தையே பயன்படுத்தினார்கள்; அது சூட்டை மெதுவாக வாங்கி, மெதுவாகவே விடும். நறுக்கிய பூண்டைச் சட்டியின் உட்புறம் முழுவதும் தேய்த்துவிட்டு, 150 மில்லி காய்கறி வேகவைத்த நீரும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிக்கத் தொடங்குமுன் தீயைக் குறைத்து, சீஸை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, மரக்கரண்டியால் இடைவிடாமல் கிளறுங்கள். முதலில் போட்டது உருகிய பிறகே அடுத்த கைப்பிடி. கடைசியில் மிளகுத்தூளும் சிறிது ஜாதிக்காய்த் தூளும் சேருங்கள். உப்பு வேண்டாம், சீஸில் இருக்கும் உப்பே போதும்.

மேசைக்கு வந்தபின் சூடு ஆறாமலிருக்க, கொதிநீர் ஊற்றிய அகலமான பாத்திரத்திற்குள் சட்டியை இறக்கி வைக்கலாம். தோய்த்துண்ண முந்தின நாள் ரொட்டியே நல்லது. புதிய ரொட்டி சட்டிக்குள் உதிர்ந்துவிடும். வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, காலிபிளவர், கேரட் ஆகியவையும் பொருந்தும். நீண்ட முள்கரண்டி இல்லாவிட்டால் மூங்கில் குச்சி போதும். பக்கத்தில் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை இருக்கட்டும்.

திராட்சரசம் இல்லாமல் இது வருமா என்று சிலர் ஐயப்படலாம். வரும். அங்கே திராட்சரசம் ஊற்றுவதற்குச் சுவை ஒரு காரணம். அதிலுள்ள புளிப்பு மற்றொரு காரணம். சீஸிலுள்ள புரதத்தைச் சுண்ணாம்புச் சத்து இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது. புளிப்பு அந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது. அதனால் புரதமும் கொழுப்பும் நீரும் பிரியாமல் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. மாவும் அதற்குத் துணைசெய்கிறது. அந்தப் புளிப்பை எலுமிச்சை தந்துவிடும். ஆனால் எலுமிச்சைச் சாறோடு பாலைச் சேர்த்துவிடாதீர்கள், பால் திரிந்துபோகும். தீ மிகுந்துவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும், சீஸ் ரப்பரைப் போல் திரண்டுவிடும். அப்போது தீயைத் தணித்து, எலுமிச்சைச் சாற்றில் கரைத்த மாவைச் சிறிது விட்டுப் பொறுமையோடு கிளறினால் பெரும்பாலும் மீண்டும் ஒன்றுசேரும்.

பனீரைக் கொண்டு இதைச் செய்ய முயலாதீர்கள். பனீர் புளிப்பினால் திரிந்த பால். திரியும்போதே அதன் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடுவதால், எவ்வளவு சூடேற்றினாலும் அது உருகாது. வறண்டு, ஓரம் சிவந்து, தன் சதுர வடிவத்திலேயே நிற்கும்.

அன்பானவர்களே, இத்தனையும் எழுதியது ஒரு காரணத்தோடுதான்.

சில காலத்திற்கு முன் நம் பள்ளத்தாக்கின் ஒரு கிராமத்தில் வீட்டுக் கூடுகை நடந்தது. உணவகப் படிப்பு படிக்கும் அந்த வீட்டுப் பெண், விடுமுறைக்கு வந்திருந்தவள், இந்த உணவைத் தானே செய்து நடுவில் வைத்தாள். ஏறக்குறைய பத்துப்பேர் இருந்தோம். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாயாரும் வந்திருந்தார். ஜெபத்தில் எங்களோடு அமர்ந்திருந்தவர், சட்டி வந்தவுடன் எழுந்து நடைவாசல் பக்கம் போய் நின்றார். எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சொல்லாமலே போவதற்கு அவர் கால்கள் பழகியிருந்தன.

அப்போது பெரியவர் ஒருவர், "பாஸ்டர் ஐயா, எல்லாரும் ஒரே சட்டியில் குச்சியை விட்டால் எச்சில் ஆகாதா?" என்றார். அந்தப் பெண்ணே பதில் சொன்னாள்: "குச்சி வாயில் படாது மாமா. துண்டைத் தட்டில் இறக்கி வைத்து, கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும்." கேள்வியும் முறையானது, பதிலும் முறையானது. ஆயினும் அவர், "எனக்கு ஒரு கிண்ணத்தில் தனியாக ஊற்றிக் கொடும்மா" என்றார். ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வாசலைப் பார்த்து, "அத்தை, ஆறிவிடும், வாருங்கள்" என்று குச்சியை நீட்டினாள். அந்தத் தாயார் தயங்கி வந்து, பாயின் ஓரத்தில் அமர்ந்து, முதல் துண்டைத் தோய்த்தார். இரண்டாம் துண்டுக்கு யாரும் அவரை அழைக்க வேண்டியிருக்கவில்லை.

சில நிமிடங்கள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். பெரியவருடைய கிண்ணத்தில் சீஸ் இறுகிப்போயிருந்தது. நடுச்சட்டியில் இருந்ததோ கடைசித் துண்டு வரைக்கும் உருகிய நிலையிலேயே இருந்தது. இதில் அற்புதம் ஒன்றுமில்லை. சூட்டை விட்டுப் பிரிந்தது இறுகும். அதுதான் அந்தப் பண்டத்தின் இயல்பு. அவர் எந்த எண்ணத்தோடு கிண்ணம் கேட்டார் என்பதைக் கர்த்தர் அறிவார். அதை நான் தீர்ப்பதற்கில்லை. ஆனால் அந்த இறுகிய கிண்ணம் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

சுத்தம் வேறு, தீட்டு வேறு. கையைக் கழுவுங்கள் என்பது சுத்தம். அது எல்லாருக்கும் ஒரே விதி. இன்னாருடைய கை பட்டால் உண்ணமாட்டேன் என்பது தீட்டு. அது சிலருக்கு எதிரான விதி. நம் நாட்டில் இரண்டாவது பெரும்பாலும் முதலாவதின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்தவர்களும் அதை வழக்கம் என்றே சொன்னார்கள்.

இந்தக் கேள்வி நம் மண்ணின் சபைகளுக்குப் புதியதன்று. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கியது. அதன் மிஷனரிகள் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையாகக் கொடைக்கானலுக்கு ஏறி, 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்று சீஸ் வருகிற அந்த மலைநகரத்தின் தொடக்கம் அதுவே. அதே காலத்தில், 1840களின் பிற்பகுதியில், அதே மிஷன் தன் சபையாரிடமும் ஊழியக்காரரிடமும் ஒன்றைக் கேட்டது: சாதியை விட்டீர்களானால், எல்லாரோடும் ஒன்றாக அமர்ந்து அன்பின் விருந்தில் உண்ணுங்கள். பலரால் அது முடியவில்லை. வேதத்தைக் கற்றவர்கள், ஜெபிக்கத் தெரிந்தவர்கள், உபதேசியார்கள்கூட அந்தப் பந்திக்கு முன் நின்றுவிட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும், சேர்ந்து உண்பதையே சாதியை விட்டதற்கு அடையாளமாக வைத்தது. விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிட முடிந்த நாவினால் ஒரு கவளத்தை விழுங்க முடியவில்லை.

இது அந்தியோகியாவில் பேதுருவுக்கு நேர்ந்த சோதனையே. புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர், சிலர் வந்தவுடன் பயந்து பந்தியைவிட்டு விலகினார். பவுல் அதைச் சாப்பாட்டு விஷயம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே அங்கே ஆபத்தில் இருப்பதாகக் கண்டு, எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார்.

போவாசையோ பாருங்கள். ரூத் மோவாபியப் பெண், விதவை, அவனுடைய வயலில் கதிர் பொறுக்க வந்த ஏழை. சாப்பாட்டு வேளையில் அவன் அவளை அருகே அழைத்து, அறுப்பறுக்கிறவர்களோடு அமர்ந்து, அவர்கள் தோய்க்கும் காடியிலேயே அவளுடைய அப்பத்தையும் தோய்க்கச் சொன்னான். அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைக்கப்படவில்லை. அவள் உண்டு திருப்தியடைந்தபின் மீதியும் இருந்தது. அந்த வயலில் அப்பம் தோய்த்த அந்நிய ஸ்திரீயின் வம்சத்தில்தான் தாவீது பிறந்தான்; தாவீதின் வம்சத்தில்தான் நம் ஆண்டவர் வந்தார். ஆண்டவரோ தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனையும் தாம் தோய்த்த பாத்திரத்தைவிட்டு விலக்கவில்லை.

ஆகவே பிரியமானவர்களே, திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம், வீட்டு விருந்தில் எப்படி அமர்கிறோம்? உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத் தேநீர் எந்தக் குவளையில் போகிறது? உங்கள் பிள்ளையின் நண்பன் அடுத்த தெருவிலிருந்து வந்தால் அவன் தட்டு எங்கே கழுவி வைக்கப்படுகிறது? இந்தக் கேள்விகளுக்குப் பிரசங்க பீடத்திலிருந்து என்னால் விடை தர இயலாது. விடை உங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது.

சட்டி காலியானபின் அதன் அடியில் பொன்னிறமாய் ஒட்டியிருக்கும் ஏட்டைச் சுரண்டிப் பகிர்ந்துகொள்வது சுவிஸ் மக்களின் வழக்கம். அதுவே மிகுந்த சுவை என்பார்கள். நெய் உருக்கிய சட்டிக்குக் காத்திருந்த நம் பிள்ளைகளுக்கு அது புரியும். கடைசி வரையில் பந்தியில் இருப்பவருக்கே அந்தப் பங்கு கிடைக்கும்.

இந்த மாதத்தில் ஒரு நாள் இதைச் செய்யுங்கள். சீஸ் கிடைக்காவிட்டால் ஒரு சட்டிக் குழம்பும் போதும். இதுவரை உங்கள் பந்தியில் அமராத ஒருவரை, அல்லது உங்களைத் தன் பந்திக்கு அழைக்கத் துணியாத ஒருவரை, பெயர் சொல்லி அழையுங்கள். அவர் வந்து அமரும்வரை சட்டியைத் திறக்காதிருங்கள்.

ஜெபம்: எங்களை ஒரே பந்திக்கு அழைத்த ஆண்டவரே, நாங்கள் தனியே எடுத்து வைத்த கிண்ணங்களை உமக்கு முன்பாக வைக்கிறோம். இறுகிப்போன எங்கள் இருதயங்களை உம்முடைய அன்பின் அனலில் உருக்கும். வாசலில் நிற்கிறவர்களை அழைக்க எங்களுக்கு வாயையும், அவர்கள் அருகில் அமர எங்களுக்கு மனதையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.