கோபுர வாசலில் தாத்தா

கம்மாபுரத்தில் சித்தப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் அந்தப் படம் கிடைத்தது. உள்ளங்கை அளவுதான், கறுப்பு வெள்ளை. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் கோபுர வாசல். நிலைக்காலை ஒட்டி, வேட்டியும் தோளில் துண்டுமாகத் தாத்தா. பின்பக்கம் ‘மாசி மகம்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரை விட்டு வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா வாழ்ந்த வீடும் நெல்லடித்த களமும் இன்று இல்லை. அவர் சாய்ந்து நின்ற கல்லையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மறுநாள் காலை விருத்தாசலம் பஸ் ஏறினேன்.

வாசலில் நின்று படத்தை உயர்த்திப் பிடித்தேன். மேலே எல்லாம் மாறிவிட்டது. படத்தில் சுண்ணாம்பு வெளுத்துக் கிடந்த சுதைச் சிற்பங்கள் 2022 குடமுழுக்கின் வண்ணத்தில் நிற்கின்றன. அதில் வியப்பில்லை. கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும், திருப்பணிதோறும் புதிதாகும். கீழே கல்லாலான அடிப்பகுதி, கல்காரம். அதுதான் பாரம் தாங்குவது, மாறாமல் நிற்பது.

பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா எட்டிப் பார்த்தார். “எந்தக் காலத்துப் படம்யா இது? உங்க தாத்தாவா? இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு, அந்தக் கல்லுதான்.”

அதேதான். உள்ளே தள்ளி நின்றதும் வாசலின் உட்சுவர் கண்ணில் பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நடனமங்கை. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில் இருந்து வந்த நிலைகள். ஒருத்தி கால் தூக்கி நிற்கிறாள், ஒருத்தி இடுப்பை ஒடித்துத் திரும்புகிறாள். சிதம்பரத்துக் கோபுரங்களில் இவற்றோடு சுலோகமும் வெட்டியிருப்பதால் ஆய்வாளர்கள் அங்கேயே அதிகம் போகிறார்கள். விருத்தாசலத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். வருகிறவர்கள் விபூதியை இந்த மங்கைகள்மீதே தட்டிவிட்டுப் போகிறார்கள். முகங்கள் மூடிப்போயிருக்கின்றன. தாத்தாவின் தோளுக்கு மேலே இருக்கும் நடனமங்கையின் முகம் கல்லில் தெரிவதைவிடப் படத்தில் தெளிவாக இருக்கிறது.

கோயில் கட்டிய கதையை அந்தப் பெரியம்மாதான் நினைவுபடுத்தினார். விபசித்து முனிவர் வேலையாட்களுக்கு வன்னி இலைகளைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ப இலை பொன்னாயிற்றாம். மாசி மகப் பெருவிழாவின் ஆறாம் நாள், அந்த முனிவருக்கு இறைவன் காட்சி தரும் கோபுர தரிசனம் நடக்கும். தாத்தா வந்தது அந்த நாளில்தானோ என்னவோ. எந்த ஆண்டு என்றுகூட எழுதி வைக்கவில்லையே!

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவர்கள் கண்ணுக்குத் தப்பியது நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கலாம். கோயில் வாசலில் எடுத்த பழைய படம் உங்களிடம் இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஊரையும் ஆண்டையும் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு நகலும் எடுத்து வையுங்கள். கோயிலுக்குப் போகும்போது, மிஞ்சும் விபூதியைச் சிற்பங்கள்மீது தட்டாமல் அதற்கென்று வைத்திருக்கும் கிண்ணத்தில் போடுங்கள்.