மாட்டுங்காவில் நமக்கொரு வங்கி

மும்பைக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பம் முதலில் தேடுவது வீடு, அடுத்துப் பள்ளி. மூன்றாவதாகத் தேட வேண்டியது, ஈட்டிய பொருளை நம்பி வைக்கத்தக்க இடம். மாட்டுங்கா நிலையத்தின் கிழக்குப் புறத்தே இறங்கி, பூக்கடைகளின் மணத்தினூடே கிங்ஸ் சர்க்கிள் நோக்கி நடப்போமாயின், ஆஸ்திக சமாஜமும் காப்பிக் கடைகளும் நம்மூர் நினைவை எழுப்பும். ஆனால், வங்கியைத் தேர்வதற்கு ஊர் நினைவு மட்டும் போதாது.

இந்நகரில் கூட்டுறவு நேற்று முளைத்ததன்று. கன்னடக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய சாரஸ்வதர்கள், ஸ்ரீபாத் சுப்பாராவ் தல்மகியின் முயற்சியால் 1906-ஆம் ஆண்டில் சாம்ராவ் விட்டல் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினர். அச்சிறு சங்கமே வங்கியாக வளர்ந்து இன்றும் நடைபெறுகின்றது. பிழைக்க வந்தோர் தம்முள் கொண்ட நம்பிக்கையே அதன் முதல்.

நம்பிக்கைக்கும் அரண் வேண்டும். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, தொடக்கத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 1,000 ரூபாயே. வாழ்நாள் சேமிப்பை வைத்திருந்தோர் பட்ட துயரத்தை மும்பை மறக்கவில்லை.

ஆகவே அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கி வேறு. மராத்தியர் 'பத்பேடி' என்றழைக்கும் கடன் சங்கம் வேறு. முன்னதற்கு வைப்புக் காப்பீடு உண்டு. 1962-இல் 1,500 ரூபாயாகத் தொடங்கிய அக்காப்பு, 2020 பிப்ரவரியில் 5 இலட்சமாக உயர்த்தப்பெற்றது. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்ந்த கணக்கு அது. பின்னதற்கு இக்காப்பு இல்லை. பத்பேடி தரும் கூடுதல் வட்டி, நாமே ஏற்கும் அபாயத்தின் விலை என்றறிக. சிறு கடனுக்கு அது உதவலாம். மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தை அங்கு வைப்பது தகாது.

புதிதாய் வந்தோர்க்கு முகவரிச் சான்றே முதல் தடை. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டால் அத்தடை பெரும்பாலும் நீங்கும். கணக்குத் தொடங்கும் அன்றே நியமனதாரர் பெயரையும் எழுதிவிடுவது நலம். கணவர் பெயரில் உள்ள கணக்கு எந்த வங்கியில் உள்ளதென்று மனைவியும் அறிந்திருத்தல் அதனினும் நலம். தூர தேசத்தில் குடும்பத்தைக் காப்பது, சேர்த்த பணம் மட்டுமன்று. அது எங்கே இருக்கின்றதென்ற அறிவுமாகும்.