ஆட்டோவேக்யூம் ஓடியும் அள்ளாத குப்பை

போனதுமே டேபிள் புள்ளிவிவரத்தைத் திறக்கச் சொன்னேன். பார்சல் கம்பெனி ஒன்றின் போஸ்ட்கிரெஸ் சர்வர் அது. புக்கிங் கூடவில்லை, டிஸ்க் மட்டும் நிறைந்துகொண்டே போகிறது என்பது அவர்கள் புகார்.

போஸ்ட்கிரெஸில் அப்டேட் செய்தால் பழைய வரிசை உடனே அழியாது. புதிய பதிப்பு தனியாக எழுதப்படும். பழையது செத்த வரிசையாக அங்கேயே கிடக்கும். புக்கிங் முதல் டெலிவரி வரை ஒரு பார்சலின் நிலை எத்தனை முறை மாறும்! அந்த நிலைகளை வைத்திருக்கும் டேபிளில் உயிரோடிருப்பவற்றைவிடச் செத்தவை அதிகம். இயல்பான அமைப்பில், மொத்தத்தில் 20 சதவீதமும் கூடவே ஒரு 50 வரிசையும் செத்தாலே, செத்தவற்றை அள்ளும் ஆட்டோவேக்யூம் கிளம்பிவிடும். கிளம்பியிருக்கிறது, அன்று காலையில்கூட ஓடியிருக்கிறது. ஆனால் எதையும் அள்ளவில்லை.

ஓடாத வேக்யூம் எளிய நோய். ஓடியும் அள்ளாவிட்டால், பெரும்பாலும் பழைய டிரான்ஸாக்‌ஷன் எதுவோ வழிமறிக்கிறது என்று பொருள். இணைப்புகளை வயதுவாரியாக அடுக்கினோம். உச்சியில் ஒரு ரிப்போர்ட் புரோகிராம்: ரிப்பீட்டபிள் ரீட் ஐசொலேஷனில் தொடங்கி, ஒரு செலக்ட் ஓட்டிவிட்டு, கமிட் செய்யாமல் நாள்கணக்காகச் சும்மா நிற்கிறது. அது தொடங்கிய பிறகு செத்த எதையும் வேக்யூம் தொடாது. அந்த ரிப்போர்ட்டுக்கு அவை இன்னும் தேவைப்படலாமே. சாதாரண ரீட் கமிட்டடில் வெறும் செலக்ட் என்றால் இந்த வம்பு வந்திருக்காது.

இணைப்பைத் துண்டித்து, வேக்யூமைக் கையால் ஓட்டினோம். செத்தவை போயின. டிஸ்க் அளவு அசையவில்லை.

“குறையலையே சார்?” என்றார் பக்கத்திலிருந்த இளைஞர்.

“குறையாது தம்பி. காலியான இடம் அடுத்து வர்ற வரிசைக்கு. டேபிளோட கடைசிப் பக்கங்கள் முழுசா காலியானாதான் டிஸ்க்குக்குத் திரும்பும்.”

பிறகு காலியிடத்தைப் பிஜிஸ்டாட்டப்பிள் நீட்டிப்பைக் கொண்டு அளந்தோம். இணையத்தில் சுற்றும் வினவல்கள் மதிப்பீடுதான் தரும். இது டேபிள் முழுவதையும் படித்துச் சொல்லும், அதனால் கூட்ட நேரத்தில் ஓட்டக் கூடாது. டேபிளைவிட இண்டெக்ஸ்தான் மோசம். புதிதாகக் கட்டிய பி-ட்ரீ இண்டெக்ஸின் இலைப் பக்கங்கள் 90 சதவீதம்போல நிறைந்திருக்கும்; இங்கே பாதிகூட இல்லை.

டேபிளையே புதிதாக எழுதும் வேக்யூம் ஃபுல் கேட்டார்கள். மறுத்தேன். அது முடியும்வரை டேபிளைப் படிக்கக்கூட முடியாது. புதுப் பிரதி எழுத டிஸ்க்கில் இடமும் வேண்டும். இண்டெக்ஸ்களை மட்டும், 2019இல் 12ஆம் பதிப்போடு வந்த ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லியால், சிறியதிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டினோம். டேபிளிலுள்ள காலியிடத்தை வரும் பார்சல்களே நிரப்பட்டும் என்று விட்டுவிட்டோம். டிரான்ஸாக்‌ஷனுக்குள் சும்மா நிற்கும் இணைப்பை அறுக்கும் கால வரம்பை மட்டும் அன்றே போட்டோம்.