எறும்புச் சோக்கும் வெண்கட்டியும்



போன கிழமை எங்கட வீட்டில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்குப் பிரயோசனப்படும் என்றுதான் எழுதுகிறோம்.

மழை தொடங்கியதும் குசினிக்குள் எறும்புச் சாரை. சீனிப் போத்தல், பால்மா டின், பாண் பை எதையும் விடவில்லை. கடையில் எறும்புச் சோக் வாங்கி, மேசைக் கால், ஜன்னல் ஓரம் எல்லாம் கோடு கீறினோம். மிச்சத் துண்டை ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனோம்.

அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், நாலு வயது மகள் அந்தத் துண்டால் விறாந்தையில் 'அ' எழுதிக்கொண்டிருக்கிறாள். மற்றக் கையில் பிஸ்கட்.

பிள்ளையில் என்ன பிழை? வாப்பாவும் உம்மாவும் ஆசிரியர்கள். அவளுக்கு அது வெண்கட்டி. ஆனால் அதில் இருப்பது பூச்சிகொல்லி. கை, வாய் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை. எங்களுக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

இவ்வளவுக்கும் சாரை நிற்கவில்லை. கோட்டில் நடந்த எறும்புதான் செத்தது; கூட்டுக்குள் இராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

மறுநாள்தான் சாரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். ஜன்னல் வெடிப்பு, கூரைப் பீலி, அங்கிருந்து ஓட்டில் முட்டிக்கொண்டு நின்ற தேசிக்காய்க் கொப்பு. இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி. அது கழிக்கிற இனிப்புத் தண்ணிக்குத்தான் எறும்பு மரமேறுகிறது. அந்தப் பூச்சியைத் தின்ன வருவதை விரட்டிக் காவலும் காக்கிறது.

மரத்தடிக் கூட்டில் கொதிதண்ணி ஊற்றப் போனோம். உம்மா தடுத்தா. "அதுகள் பேசினதைக் கேட்டு சுலைமான் நபி சிரிச்சாங்க மகன். வழிய மறி, போதும்."

வழியைத்தான் மறித்தோம். கொப்பை வெட்டினோம். இலைகளைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவினோம். சாரை போன தடத்தையும் அதனாலேயே துடைத்தோம். முன்னால் போனது விட்ட மணத்தைப் பிடித்துத்தான் மற்றதுகள் வருகின்றன. வெடிப்பைச் சீமெந்தால் அடைத்தோம். சீனியை இறுக்கமான மூடியுள்ள போத்தலுக்கு மாற்றினோம். நாலு நாளில் குசினி சுத்தம்.

செலவு ஒரு சவர்க்காரமும் ஒரு பிடி சீமெந்தும்தான். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

உங்கட வீட்டிலும் அந்தச் சோக் இருந்தால், தயவுசெய்து இப்போதே எழும்பிப் போய்ப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.