தொகையும் தோகையும்

பி.காம். படித்த பாங்க்காரனுக்கு பிஎச்பி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். புனேயில் நாங்கள் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சந்தா, பொங்கல் வசூல் எல்லாவற்றையும் ஒரு சின்ன பிஎச்பி நிரலில் வைத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இப்போது அது என் தலையில் :-)

பிஎச்பியில் ஆப்ஜெக்ட் என்பதை ஒரு உறுப்பினரின் லெட்ஜர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராப்பர்ட்டி என்பது அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம். கிளாஸில் முன்கூட்டிச் சொல்லாத கட்டத்தையும் ஓடுகிறபோதே ஒட்டிக்கொள்ளலாம். பெயர் தமிழில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்:

$உறுப்பினர்->தொகை = 500;

இதையே அவசரத்தில் 'தோகை' என்று அடித்துவிட்டால்? தப்பு என்று சொல்லாது. தோகை என்று புதுக் கட்டம் போட்டு ஐந்நூறை அங்கே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். தொகை பழையபடியே. மயிலுக்குத்தான் லாபம்! பாங்கில் பெயர் தப்பாக எழுதிய சலானுக்கெல்லாம் புதுக் கணக்கா திறக்கிறோம்? சஸ்பென்ஸில் போட்டு, தீரும் வரை தினமும் முழிக்கிறோம்.

டிசம்பர் 2022-ல் வந்த 8.2 பதிப்பிலிருந்து இதற்கு 'டெப்ரிகேட்டட்' என்று எச்சரிக்கை வருகிறது. நிரல் நிற்காது. 9.0-ல் பிழையாகவே ஆக்குவதாகத் தீர்மானம்.

எங்கள் சர்வரில் பதிப்பு மாறியதும் அந்த எச்சரிக்கை ஒரு வரியைக் காட்டிக் கொடுத்தது. செக் வரவைக் கூட்டும் இடத்தில் 'அமவுண்ட்' என்ற சொல்லில் ஒரு 'என்' இல்லை. ரொக்கமாகக் கொடுத்தவர்கள் தப்பித்தார்கள். செக்காகவே கொடுக்கும் ஒரு ரிடையர்டு மாமா மட்டும் இரண்டு வருஷமாகப் பாக்கிப் பட்டியலில். பாஸ்புக்கைக் காட்டியும் "கம்ப்யூட்டர்ல வரலையே" என்று யாரோ சொல்ல, மனுஷர் பொங்கலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்.

ரசீதுகளை எடுத்துக்கொண்டு நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். மாமி காபி கொடுத்தார். மாமா ஒவ்வொரு ரசீதையும் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்த பிறகுதான் பேசினார். அவர் செய்ததுதான் சரி.

'அலவ் டைனமிக் பிராப்பர்ட்டீஸ்' என்று கிளாஸுக்கு மேலே ஒரு வரி எழுதினால் எச்சரிக்கை வாயை மூடிக்கொள்ளும். பணம் இருக்கும் கிளாஸில் அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. எல்லாக் கட்டத்தையும் கிளாஸிலேயே அறிவித்துவிட்டேன். என்ன வரும் என்று தெரியாத விவரங்களுக்கு எஸ்டிடி கிளாஸ் இருக்கிறது, அதில் எதை ஒட்டினாலும் எச்சரிக்கை வராது.

இன்னும் ஏழு எச்சரிக்கை பாக்கி. இரண்டாவது சனிக்கிழமை பாங்க் லீவு, அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும்.