அரை இலையின் நிறை

நிந்தவூருக்கும் சம்மாந்துறைக்கும் இடையே சிறுபோக வெள்ளாமை கதிர் தள்ளி நின்ற ஆடி மாதம். கச்சான் காற்று வரம்பில் நின்றவர்களை உலுக்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக மாணவிகள் இருவர் கொதிநீர்ப் போத்தல், பஞ்சு, சவர அலகு சகிதம் கண்டத்துக்குள் இறங்கினார்கள். வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரக் காக்கா கேட்டார்: "என்ன புள்ள, வெள்ளாமைய நிண்ட நிலையில அவிக்கப் போறீங்களா?"

"இலையிர அடிய மட்டுந்தான் காக்கா."

கொடியிலையின் அடியில் கொதிநீர்ப் பஞ்சைச் சிறிது நேரம் ஒற்றிப் பிடித்தார்கள். அந்த இடத்தில் உரியம் செத்துவிடும். காழ் வழியே தண்ணீர் மட்டும் ஏறும். இலை ஆக்கும் உணவு கதிருக்கு ஓடாமல் இலையிலேயே தேங்கும். சூடு போதாவிட்டால் உரியம் தப்பிவிடும், மிஞ்சினால் இலை துவண்டுவிடும். அந்தப் பக்குவம் கைக்கு வரச் சில நாள் எடுக்குமாம்.

பிறகு நடுநரம்பை ஒட்டி இலையின் ஒரு பாதியைச் சீவி, ஈரத்துணியில் சுற்றி இருட்டுப் பெட்டியில் வைத்தார்கள். மறுபாதி செடியிலேயே வெயில் காய்ந்தது. நாலு மணித்தியாலத்தின் பின் அதையும் வெட்டினார்கள். இருட்டில் கிடந்த பாதி சுவாசித்து நிறை இழக்கிறது. வெயிலில் நின்றது சுவாசித்தபடியே உணவும் ஆக்குகிறது. சம பரப்பளவில் இரண்டையும் உலர்த்தி நிறுத்தால், வித்தியாசந்தான் மொத்த ஒளித்தொகுப்பு. தொடக்கத்திலேயே வெட்டி உலர்த்திய இன்னொரு தொகுதியோடு இருட்டுப் பாதியை ஒப்பிட்டால் சுவாசச் செலவு தெரியும். 1884இல் ஜேர்மனியில் யூலியஸ் சாக்ஸ் செய்த அரை இலைச் சோதனையே இதற்கு மூலம். கொதிநீர்த் தந்திரம் பிற்காலத்தவர்கள் சேர்த்தது.

ஆய்வுகூடத்தில் 105 பாகை செல்சியசில் சற்று வைத்து இலையின் உயிரை நிறுத்தி, 80 பாகையில் நிறை மாறாத நிலை வரும் வரை உலர்த்துகிறார்கள். வித்தியாசம் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. மூச்சுப் பட்டாலே தராசின் எண் ஆடுகிறது. இலையைக் கவ்விச் சில நிமிடங்களில் காபனீரொட்சைட்டுக் கணக்கைச் சொல்லும் கருவிகள் உண்டுதான். அவற்றின் விலைக்கு இந்த வயலையே விற்க வேண்டிவரும்.

இருட்டுப் பாதியைப் போல இரவில் முழுப் பயிரும் சுவாசித்துச் செலவழிக்கும் என்றதுதான் காக்காவைத் தடுக்கியது. "இராவையில பயிர் சும்மாதானே நிக்கிது?"

"கல்முனை பசாரில கடையப் பூட்டினாலும் வாடகை ஓடும்தானே காக்கா."

சூட்டோடு அந்த வாடகையும் ஏறும். வெப்பம் 10 பாகை கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. உலர் பருவத்தில் இரவு வெப்பம் 1 பாகை உயர்ந்தால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்றது அது. பகல் வெப்பத்துக்கு அப்படித் தெளிவான தொடர்பு தென்படவில்லை. சுவாசம் மட்டுந்தான் காரணமா என்ற வாதம் வேறு. ஆனாலும் இரவிலும் புழுக்கம் அடங்காத இந்தக் கடற்கரையில் பகலில் மட்டும் அளந்துவிட்டுத் திரும்புவது பாதிக் கணக்கே.

உயர்தர வகுப்பில் விவசாயமும் உயிரியலும் படிப்பிக்கும் ஆசிரியர்களே, அலகும் கொதிநீரும் பஞ்சும் உங்களிடம் இருக்கின்றன. நுண்தராசுக்கும் மின்போறணைக்கும் சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளை ஒருதரமாவது அந்தி மஃரிபுக்கு இலையின் ஒரு பாதியும் விடியச் சுபஹுக்கு மறுபாதியும் வெட்டச் சொல்லுங்கள்.